நீக்கினேன், இனியும் நீக்குவேன்

செவ்வாய்க்கிழமை ராத்திரி நம் வாட்ஸ்அப் குரூப்பில் 'பிள்ளை பிடிக்கிறவன்' என்று ஒரு பையனின் போட்டோவும் ஆடியோவும் சுற்றியது எல்லாருக்கும் தெரியும். அந்தப் போட்டோவையும் ஆடியோவையும் நீக்கியது நான்தான். அட்மின் மட்டும் பதிவிடும்படி குரூப்பைப் பூட்டியதும் நான்தான். இன்னொரு தடவை வந்தாலும் நீக்குவேன்.

"பார்க்காமலே நீக்கிட்டார்" என்கிறார்கள். உங்களைவிட நன்றாகவே பார்த்தேன். வண்டியில் கம்பளி மூட்டை கட்டிய ஒரு வடநாட்டுப் பையன், பக்கத்தில் ஒரு குழந்தை, அதன் கையில் பிஸ்கட். மேலே 'பல முறை ஃபார்வர்டு செய்யப்பட்டது' என்ற இரட்டை அம்புக்குறி. பின்னால் தெரிந்த கடைகளில் ஒன்று விடாமல் இந்திப் பலகை. பாலக்கோட்டில் அப்படி ஒரு கடைவீதி எங்கே இருக்கிறது, சொல்லுங்களேன்? ஆடியோவில் மட்டும், "நம்ம பஸ் ஸ்டாண்டுலதான் சுத்துறான், விடாதீங்க." அந்த 'விடாதீங்க'வுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

2018 மே மாதம் போளூர் பக்கம் என்ன நடந்தது? குலதெய்வம் கும்பிட காரில் வந்த குடும்பம். குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்த வயதான அம்மாவைப் பிள்ளை பிடிக்கிறவர் என்று அடித்தே கொன்றார்கள். அதற்கு முன்னால் ஊர் ஊராகச் சுற்றியது இதே மாதிரி வாட்ஸ்அப் வதந்திதான். ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாது என்ற கட்டுப்பாடு இந்தியாவுக்கு வந்ததே அந்த வருஷம்தான். போளூர் ஒன்றும் அமெரிக்காவில் இல்லை, பக்கத்து மாவட்டம். நம் மாவட்டம் மட்டும் என்ன, 2012 நவம்பரில் நாயக்கன்கொட்டாய் பக்கம் சாதிக் கலவரத்தில் வீடுகள் எரிந்ததைப் பார்த்த மாவட்டம். அதனால்தான் நீக்கினேன்.

"66ஏ பிரிவையே 2015இல் சுப்ரீம் கோர்ட் ரத்து செய்துவிட்டது, கருத்துச் சுதந்திரம் இருக்கிறது" என்று ஒருவர். ஐயா, அது இணையத்தில் புண்படும்படி எதையாவது போட்டவர் மேல் போலீஸ் கேஸ் போட வழிசெய்த பிரிவைப் பற்றிய தீர்ப்பு. ஒரு பையனை அடிக்க ஆள் கூப்பிட உங்களுக்குக் கொடுத்த லைசென்ஸ் இல்லை.

"உறுப்பினர் போட்டதற்கு அட்மின் பொறுப்பில்லைன்னு கோர்ட்டே சொல்லியிருக்கே, நீ ஏன் பதறுற?" என்று இன்னொருவர். சரி, 2021இல் ஐகோர்ட் மதுரைக் கிளை சொன்னது உண்மைதான்: அட்மினாக இருந்ததைத் தவிர வேறு எதுவும் செய்யாதவரை வழக்கில் சேர்க்கக் கூடாது. ஆனால் அது கரூர் வக்கீல்கள் குரூப். சட்டம் படித்தவர்கள் குரூப்பிலேயே அட்மின் ஐகோர்ட் வரை போக வேண்டியிருந்தது. நான் நாற்று விற்கிறவன். ஸ்டேஷனில் போய் உட்கார்ந்தால் அன்றைக்கு நாற்றுக்கு யார் தண்ணீர் விடுவது? அது கிடக்கட்டும். கேஸ் வராது என்றால் அடி வாங்குகிறவன் வாங்கட்டும் என்று விட்டுவிடலாமா?

"முதலில் எச்சரித்திருக்கலாமே?" ராத்திரி பத்து மணிக்கு, ஆளாளுக்கு அதைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தபோதா? விடுங்கள்.

இந்தக் குரூப் ஆரம்பித்ததே தக்காளி விலைக்காக. மார்க்கெட்டில் ஒரு பெட்டி தக்காளி என்ன விலை என்று காலையிலேயே தெரிந்தால், பறிப்பதா செடியிலேயே விடுவதா என்று முடிவெடுக்கலாம் என்றுதான். அப்புறம் டிராக்டர் வாடகை, கல்யாணம், துக்கம் எல்லாம் சேர்ந்துகொண்டது. ஒரு கட்சிக்காரர் பதிவை நீக்கினால் நான் எதிர்க்கட்சி, நீக்காவிட்டால் அதே கட்சி. சாதிப் பெருமை வீடியோவை நீக்கினால் வீட்டுக்கே போன் வரும். "உனக்கெதுக்கு இந்த ஊர் வம்பு" என்று வீட்டில் தினம் அர்ச்சனை. இதற்குச் சம்பளமா கொடுக்கிறீர்கள்?

திட்டியதெல்லாம் பரவாயில்லை. சர்வாதிகாரி என்றீர்கள், சிரித்துக்கொண்டேன். ஆனால் காலையில் பூட்டை எடுத்து எல்லாரும் பதிவிடும்படி குரூப்பைத் திறந்ததும், "அந்த வடக்கத்தியான்கிட்ட அட்மின் எவ்வளவு வாங்கினார்?" என்று ஒரு கேள்வி வந்தது பாருங்கள். கேட்டவர் யாரோ இல்லை. அவர் அம்மாவுக்கு தர்மபுரி ஜி.ஹெச்சில் ஓ நெகட்டிவ் ரத்தம் கிடைக்காமல் நின்ற ராத்திரி, இதே குரூப்பில்தான் கேட்டேன். காரிமங்கலத்திலிருந்து ஒருவர், மாரண்டஅள்ளியிலிருந்து ஒருவர், பைக்கில் வந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். அன்றைக்கு எவ்வளவு வாங்கினேன் அண்ணா?

அந்தப் பதிவு இன்னும் குரூப்பில்தான் இருக்கிறது, கீழே சிரிப்புப் பொம்மைகளோடு. அட்மின் நினைத்தால் ஒரு நொடியில் எடுத்துவிடலாம். எடுக்க மாட்டேன். நீங்கள் போட்டது, நீங்களே எடுங்கள்.