கரை கட்டினாலும் ஆறு தடம் மாறும்: கோசி காட்டியது

வெள்ளத் தடுப்புக் கரைகளும் தடுப்பணையும் கட்டிவிட்டால் ஒரு பெரிய ஆறு இனித் தடம் மாற முடியாது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பலரும் அதைப் பகிர்ந்திருக்கிறார்கள். மன்னிக்கவும், இது சரியல்ல.

நேபாளத்திலிருந்து பீகாருக்குள் ஓடிவரும் கோசி ஆற்றுக்கு இருபுறமும் 1950களிலேயே கரைகள் எழுப்பப்பட்டன. பின்னர் தடுப்பணையும் வந்தது. ஆனாலும் 2008 ஆகஸ்ட் 18 அன்று, தடுப்பணைக்கு மேலே நேபாளத்தின் குசஹாவில் கிழக்குக் கரை உடைந்தது. ஆற்று நீரின் பெரும்பகுதி, கோசி எப்போதோ கைவிட்டுப் போன பழைய தடங்கள் வழியாகப் பீகாருக்குள் பாய்ந்தது. இலட்சக்கணக்கானோர் வீடிழந்தார்கள். கவனிக்க வேண்டியது இதுதான்: அன்று வந்தது பெருவெள்ளமே அல்ல. கரைகள் வினாடிக்கு ஏறத்தாழ 9.5 இலட்சம் கன அடி நீரைத் தாங்க வடிவமைக்கப்பட்டவை. உடைந்தபோது ஓடியது வினாடிக்குச் சுமார் 1.5 இலட்சம் கன அடிதான்.

காரணம் வண்டல். இமயமலையிலிருந்து கோசி கொண்டுவரும் மணல் முன்பு சமவெளி முழுவதும் பரவியது. இப்போது கரைகளுக்கு நடுவே படிந்து ஆற்றுப் படுகையை உயர்த்துகிறது. சுற்றியுள்ள நிலத்தைவிடப் படுகை உயர்ந்துவிட்டால், பலவீனமான ஓரிடம் கிடைத்தாலே ஆறு தாழ்ந்த பக்கம் இறங்கிவிடும். கரைகள் அந்த நாளைத் தள்ளிப்போடுகின்றன, அவ்வளவுதான்.

நம்பக் கடினமாக இருந்தால் நாசாவின் செயற்கைக்கோள் படங்களைப் பாருங்கள்; இலவசமாகவே கிடைக்கின்றன. 2008 ஆகஸ்ட் உடைப்புக்கு முந்தைய படத்தையும் பிந்தைய படத்தையும் அருகருகே வைத்தால், தடுப்பணைக்குக் கிழக்கே புதிதாக ஓடும் நீர் கண்ணுக்கே தெரியும்.