மூன்று நாளில் மூச்சு சீராகாது
மூக்கின் நடுத்தண்டு (இரு துளைகளுக்கும் நடுவே உள்ள சுவர்) வளைவைச் சரிசெய்யும் ஆபரேஷன் பற்றி, "மூன்று நாளில் மூச்சு சீராகாவிட்டால் ஆபரேஷன் தோல்வி" என்று ஒருவர் எழுதியிருப்பது தவறு. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு உள்ளே வீக்கம் இருக்கும். ஒன்றிரண்டு வாரம் கடும் சளி பிடித்ததுபோல அடைத்தே கிடக்கும். என் தம்பிக்கும் அப்படித்தான். ஒரு வாரம் கழித்து உள்ளே வைத்திருந்த சிலிக்கோன் தகட்டை டாக்டர் எடுத்தார். அப்புறமும் கருஞ்சிவப்புப் பொருக்கு வந்துகொண்டே இருந்தது. கொதிக்கவைத்து ஆறவைத்த உப்பு நீரால் கழுவக் கழுவ, மூன்றாம் வாரம்தான் தாராளமாக மூச்சு விட்டான். அடைப்பை எடுக்கிறேன் என்று பயந்துபோய் மூக்கைச் சிந்திவிடாதீர்கள், ரத்தம் வரும். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். ரத்தம் நிற்காமல் வழிந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, வலி கூடிக்கொண்டே போனாலோ உடனே டாக்டரிடம் போய்விடுங்கள்.