காப்பீட்டு அட்டை இருந்தால் எல்லாப் பல் சிகிச்சையும் இலவசமா?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையைக் காட்டினால், வேர் சிகிச்சை (ரூட் கெனால்) முதல் பல் பொருத்துதல் வரை எந்தத் தனியார் பல் மருத்துவமனையிலும் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம் என்று வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது உண்மையல்ல.

2018 முதல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைந்து செயல்படும் இக்காப்பீடு, அடிப்படையில் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைகளுக்கானது. ஆயுஷ்மான் பாரத் விதிகள் சொத்தைப் பல் அடைத்தல், வேர் சிகிச்சை, ஈறு நோய், பல் பொருத்துதல், அழகுக்கான சீரமைப்பு ஆகியவற்றை வெளிப்படையாகவே விலக்கியுள்ளன. விபத்தில் தாடை எலும்பு முறிதல், தாடைக் கட்டி போன்றவற்றுக்கு மருத்துவமனையில் சேர்ந்து பெறும் அறுவை சிகிச்சைக்கே அந்த விதிகள் இடமளிக்கின்றன. விபத்தில் தாடை உடைந்து அனுமதிக்கப்படுபவருக்கு அட்டை உதவக்கூடும். கடைவாய்ப்பல் சொத்தைக்கு அதே அட்டையை நீட்டினால் பயனில்லை.

வதந்தியின் பெரிய தீங்கு, ஏற்கெனவே இருக்கும் வழியை அது மறைத்துவிடுவதுதான். சென்னைக் கோட்டை ரயில் நிலையத்திற்கு எதிரே, 1953இல் தொடங்கப்பட்ட அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இயங்குகிறது. அங்கே புறநோயாளிச் சீட்டுப் பெற்றுப் பரிசோதனைக்குச் செல்வதற்குக் காப்பீட்டு அட்டை தேவையில்லை. 'அரசு மருத்துவமனையில் பல்லைப் பிடுங்க மட்டுமே செய்வார்கள்' என்பதும் பழைய கதை. வேர் சிகிச்சை, ஈறு சிகிச்சை, செயற்கைப் பல், பல் சீரமைப்பு ஆகியவற்றுக்கு அங்கே தனித்தனித் துறைகள் உள்ளன. வேர் சிகிச்சைக்கு ஒருமுறைக்கு மேல் வர வேண்டியிருக்கலாம் என்பதால், சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.