வால்வு திறப்பவருக்கு முதலில் சொல்லுங்கள்

களத்தில் நடப்பது மேலதிகாரிகளுக்குத் தாமதமாகத் தெரிவதுதான் குடிநீர் வழங்கலில் பெரிய சிக்கல் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரி. ஆனால் மேலே எடுத்த முடிவு கீழே, தெருக் குழாயின் வால்வைத் திறந்து தண்ணீர் விடுபவர் வரை வந்து சேராமல் போவதும் அதே அளவு பெரிய சிக்கல்.

2019 கோடை. சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு கிடந்தன. எங்கள் தெருவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர். ஒருநாள் விடியற்காலை நாலரைக்கே அடிபம்பில் குடங்கள் வரிசையாக நிற்க, ஆறு மணிக்கு நீளமான இரும்புச் சாவியோடு சைக்கிளில் வந்தார் வால்வு திறக்கும் அண்ணன். "நேரம் மாத்தினது எனக்கே இப்பதான் போன்ல சொன்னாங்க" என்றார். தெருவே அவரைத்தான் திட்டியது. எனக்கு இன்றும் மனசு கேட்கவில்லை.

கடைசி வீட்டுக்குத் தண்ணீர் ஏறுகிறதா, முதலில் வருவது கலங்கலா, நாறுகிறதா என்பதெல்லாம் அவருக்குத்தான் முதலில் தெரியும். விட்டு விட்டுத் தண்ணீர் விடும்போது, குழாய் காலியாக இருக்கும் நேரத்தில் கசிவு வழியாகக் கழிவுநீர் உள்ளே வர வாய்ப்பு அதிகம். அதனால் அவர் சொல்வதை அன்றே பதிவு செய்ய வேண்டும். அப்புறம், நேரத்தை மாற்றினால் முந்தின நாள் மாலைக்குள் அவருக்குச் சொல்லிவிடுங்கள்.