கடற்பாசி மட்டுமே முழு உரம் ஆகிவிடாது

"கடற்பாசி இட்டால் வேறு எந்த உரமும் வேண்டாம், அதன் திரவச் சாறு தெளித்தாலும் அதே பலன்தான்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதை நம்பி அடியுரத்தை (விதைப்புக்கு முன் மண்ணில் இடும் உரத்தை) நிறுத்துபவர்கள் விளைச்சலை இழக்க நேரிடும் என்பதால் இந்தத் திருத்தம் அவசியமாகிறது.

கடற்பாசியில் சாம்பல் சத்தும் (பொட்டாசியம்) நுண்ணூட்டங்களும் நன்றாகவே உள்ளன. ஆனால் மணிச்சத்து (பாஸ்பரஸ்) மிகக் குறைவு, தழைச்சத்தும் (நைட்ரஜன்) பயிரின் முழுத் தேவைக்குப் போதாது. அதோடு, ஈரப் பாசியின் எடையில் 70 முதல் 90 சதவீதம் வரை வெறும் நீர்தான் என்பதால், வண்டி நிறையக் கொட்டினாலும் மண்ணில் சேரும் சத்து கண்ணுக்குத் தெரியும் குவியலைவிட மிகவும் சிறியது.

அதன் உண்மையான சிறப்பு வேறிடத்தில் இருக்கிறது. பழுப்புப் பாசியை விரல்களால் நசுக்கினால் வழவழவென்று ஒட்டும் கூழில் ஆல்ஜினேட் என்னும் பொருள் இருக்கிறது. அது மண் துகள்களைப் பிணைத்து, ஈரத்தைப் பிடித்துவைத்து, நுண்ணுயிர்களுக்கும் உணவாகிறது. மணற்பாங்கான நிலத்தில் இது பெரிய உதவி என்பதில் எனக்கு ஐயமில்லை.

திரவச் சாறோ, பல மடங்கு நீர்த்துத் தெளிக்கப்படும் வளர்ச்சி ஊக்கி மட்டுமே. அந்த அளவில் அது மண்ணின் கரிமப் பொருளைக் கூட்டாது.

உப்பைப் பற்றி அவர் எதுவுமே சொல்லவில்லை. காய்ந்த பாசியின் மேல் உப்பு வெண்பொடியாகப் பூத்திருந்தால், மழையில் நனையவிட்டோ நல்ல நீரில் அலசியோ, மட்கிய தொழுவுரத்துடன் சேர்த்து இடுங்கள். ஏற்கெனவே உவராக உள்ள நிலத்திலும் வடிகால் இல்லாத களிமண்ணிலும் மண் பரிசோதனை செய்யாமல் இட வேண்டாம்.