வலை இல்லாம படகு எடுத்த கதை

பிளட் பேங்க் கவுன்ட்டர்ல நின்னு பாத்தவங்களுக்குத் தெரியும். ஃப்ரீசர்ல இருந்து எடுத்த பிளாஸ்மா பை, அதாவது ரத்தத்துல அணுக்கள் போக மிஞ்சற திரவம், மஞ்சள் கல்லு மாதிரி இருக்கும். கை தவறி மேஜைல விழுந்தா மூலை விரிஞ்சிடும், அப்புறம் குப்பைக்குத்தான். அதை 37 டிகிரி தண்ணில போட்டு இளக விடணும். 20, 30 நிமிஷம் ஆகும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சட்டையெல்லாம் ரத்தமா ஒருத்தர் நின்னுக்கிட்டு "இன்னா சார், உள்ள ஐஸ்கிரீம் உருக்கினு கீறியா?"ன்னு கத்துவார். பதினாறு வருஷமா வாங்குற திட்டு. கோபமே வர்றதில்ல.

இப்போ கொஞ்ச நாளா புதுசா ஒரு கேள்வி. "பவுடர் ஊசி ஒண்ணு இருக்காமே, தண்ணி கலந்து உடனே போட்டுடலாமாமே?"

இருக்கு. பிசிசின்னு சொல்லுவோம். ரத்தத்தை உறைய வைக்கிற நாலு புரதங்களை (காரணிகள்னு சொல்லுவோம்) பிளாஸ்மால இருந்து பிரிச்சு, பொடியாக்கி, வயல்னு சொல்ற சின்ன மருந்து பாட்டில்ல அடைச்சது. ரத்த வகை பாக்க வேணாம், இளக்க வேணாம். விலை மட்டும் நெஞ்சை அடைக்கும். அடிபட்டு வர்ற எல்லாருக்கும் இதை எழுதிக் குடுத்து சொந்தக்காரங்கள ராத்திரில ஓட விடற பழக்கத்தைத்தான் நான் திட்டப் போறேன். அப்படி ஓடினவன்ல நானும் ஒருத்தன்.

தங்கச்சி வீட்டுக்காரர் எண்ணூர் ஹைரோட்ல வண்டில வரும்போது கன்டெய்னர் டிரெய்லர் உரசிடுச்சு. ராத்திரி எட்டே முக்கால். தொடை எலும்பு, இடுப்பு எலும்பு ரெண்டும் போச்சு. முதல்ல போன சின்ன நர்சிங் ஹோம்ல கட்டு கட்டி வேற இடத்துக்கு அனுப்பிட்டாங்க. ரெண்டாவது இடத்துல பத்தேகாலுக்கு என் கையில ஒரு சீட்டு: பிசிசி, நாலு வயல். தொழில் தெரிஞ்சவன்தானே, ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கலாம். தங்கச்சி முகத்தைப் பாத்தேன், ஓடிட்டேன். தண்டையார்பேட்டைல இல்ல, ராயபுரத்துல இல்ல. கடைசியா பூந்தமல்லி ஹைரோட்ல ஒரு மெடிக்கல்ல கெடைச்சது. தெர்மாகோல் டப்பாவை மடில வச்சுக்கிட்டு ஆட்டோல திரும்பும்போதுதான் மண்டைல உரைச்சுது: டிரனெக்சாமிக் ஊசி போட்டாங்களா?

போடல. மொத நர்சிங் ஹோம் இங்க போடுவாங்கன்னு விட்டுடுச்சு, இங்க அங்கயே போட்டிருப்பாங்கன்னு நெனச்சுட்டாங்க. நான் கேக்கும்போது மணி 12 தாண்டிடுச்சு. இனிமே போட்டா கெடுதல்னு டியூட்டி டாக்டர் சொன்னாரு. அவர் சொன்னது சரி.

டிரனெக்சாமிக் ஆசிட் ரொம்பப் பழைய மருந்து. ஜப்பான்ல ஒகமோட்டோன்னு ஒரு புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ஆராய்ச்சி பண்ணி 1960-கள்ல கொண்டு வந்தது. நம்ம வீட்டுப் பொம்பளைங்க மாசாமாசம் போக்கு அதிகமானா சாப்பிடற மாத்திரையும் இதேதான். இது புதுசா ரத்தத்தை உறைய வைக்காது. உறைஞ்சது கரைஞ்சு போகாம காக்கும், அவ்வளவுதான். 2010-ல வந்த கிராஷ்-2 ஆய்வுல 40 நாடுகள்ல 20,000-க்கும் மேல அடிபட்டவங்களப் பாத்தாங்க. போடாதவங்கள்ல 100-க்கு 16 பேர் செத்தாங்க, போட்டவங்கள்ல 14.5. ஆனா மூணு மணி நேரத்துக்குள்ள போடணும். தாண்டினா ரத்தப்போக்குச் சாவு கூடுது.

சரி, விலை கூடின பொடி? பிரான்ஸ்ல 12 பெரிய மருத்துவமனைகள்ல புரோகோக்னு ஒரு ஆய்வு, 2023-ல முடிவு வந்துச்சு. நெறைய ரத்தம் ஏத்த வேண்டி வரும்னு தெரிஞ்ச 324 பேர்ல பாதிப் பேருக்கு பிசிசி, மீதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணி. ஏத்தின ரத்தம் ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவு. ஆனா வேண்டாத இடத்துல ரத்தக்கட்டி வந்தது பிசிசி பக்கம் 100-க்கு 35 பேருக்கு, உப்புத் தண்ணி பக்கம் 24 பேருக்கு.

காசிமேட்டுக்காரனுக்குப் புரியற மாதிரி சொல்றேன். ரத்தம் உறையறதுக்கு வலை பின்னணும். அந்த வலைக்கு நூலு ஃபைப்ரினோஜன். அடிபட்டவனுக்கு முதல்ல கொறையறதே அந்த நூலுதான். பிசிசில அது கிடையாது. படகு நெறைய ஆள் ஏத்திட்டு வலைய கரைலயே விட்டுட்டுப் போற மாதிரி. ரத்தம் நின்னப்புறமும் அந்த ஆளுங்க இறங்க மாட்டாங்க. அதுல ஒரு காரணி ரெண்டு மூணு நாள் வரைக்கும் ரத்தத்துல சுத்தும். அடிபட்ட உடம்போ, முதல் நாள் ரத்தத்த விடும், அடுத்த நாளே கட்டி கட்ட ஆரம்பிக்கும். ரெண்டும் சேர்ந்தா?

மச்சானுக்கு நாலாம் நாள் கெண்டைக்கால் வீங்கி, டாப்ளர் ஸ்கேன்ல ரத்தக்கட்டி தெரிஞ்சது. மருந்தாலதான்னு சத்தியம் பண்ண மாட்டேன். தொடை எலும்பு முறிஞ்சு படுத்தவனுக்கு அது தானாவும் வரும். ஆனா வாங்கிட்டு வந்த கை இது. ஆறு மாசம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிட்டாரு. "உறையறதுக்கும் காசு, உறையாம இருக்கவும் காசாண்ணா?"ன்னு தங்கச்சி கேட்டா.

சிலர் வேற பயம் பயப்படறாங்க: "பல பேர் ரத்தத்துல இருந்து எடுத்ததாமே, எய்ட்ஸ் வராதா?" 1970, 80-கள்ல நடந்தது அது. இங்கிலாந்துல ரத்தத்தாலயும் இந்த மாதிரி மருந்தாலயும் 30,000-க்கும் மேல எச்ஐவியும் ஹெபடைட்டிஸும் வந்து, 2024-ல விசாரணை அறிக்கையே வந்துச்சு. அதுக்கப்புறம் சூடு பண்ணியும் ரசாயனம் சேர்த்தும் கிருமிய அழிச்சுத்தான் வருது. இன்னிக்குப் பயப்பட வேண்டியது கட்டிக்கு.

பிசிசியே வேணாம்னு சொல்லல. இதய வால்வு மாத்தி, ரத்தம் உறையாம இருக்க அசிட்ரோம் மாத்திரை சாப்பிடறவங்க அடிபட்டா, அவங்களுக்கு கொறையற காரணிங்க அதுல அப்படியே இருக்கு, அங்க அது உயிர் காக்கும். பிறவியிலயே ஒரு காரணி கொறைஞ்ச ஹீமோஃபிலியாக்காரங்களுக்கு அவங்கவங்க காரணி தனியா இருக்கு. ஃபைப்ரினோஜன் அளந்து பாத்து லிட்டருக்கு 1.5 கிராமுக்குக் கீழ இருந்தா கிரையோ (பிளாஸ்மால இருந்து பிரிச்ச, ஃபைப்ரினோஜன் நெறைஞ்ச பை), இல்ல ஃபைப்ரினோஜன் பொடி குடுக்கறதுலயும் நியாயம் இருக்கு. அளக்காம குடுக்கறதுலதான் எனக்குத் தகராறு.

சீட்டை நீட்டினா டாக்டர்கிட்ட ரெண்டே கேள்வி கேளுங்க: "டிரனெக்சாமிக் எத்தனை மணிக்குப் போட்டீங்க? ஃபைப்ரினோஜன் எவ்ளோ இருக்கு?" மரியாதையா கேளுங்க, அவங்களும் தூங்கி ரெண்டு நாள் ஆயிருக்கும். வீட்ல யாராச்சும் அசிட்ரோம் சாப்பிட்டா அதை ஒரு தாள்ல எழுதி அவங்க போன் கவருக்குள்ள சொருகுங்க. எங்க அம்மா அந்தத் தாளை ரேஷன் கார்டோட சேத்து பீரோவுல பூட்டி வச்சிருந்தாங்க, நேத்துதான் எடுத்தேன்.