“கமிட்டி முடிவே இறுதியானது”

கடலூர், புதுச்சேரி பக்கம் எந்த டென்னிஸ் பால் கிரிக்கெட் டோர்னமென்ட் போஸ்டரைப் பார்த்தாலும் அடியில் இந்த வரி இருக்கும். என்ட்ரி ஃபீஸ், முதல் பரிசு, உபயம் செய்தவர் பெயர், போன் நம்பர், எல்லாம் முடிந்து கடைசியில்: “கமிட்டி முடிவே இறுதியானது.” ஊர் மாட்சுக்கு அது போதும். கமிட்டியில் யார் யார் இருக்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். தப்பான தீர்ப்பு சொன்னால் மறுநாள் கடைத்தெருவில் நிறுத்தி வைத்துக் கேட்டுவிடலாம். ஏலத்தில் வீரர்களை எடுத்து, டிவியில் காட்டி, ஸ்பான்சர் வாங்கி நடத்துகிற லீக்கும் அதே வரியை நம்பி விசாரணை நடத்துவதுதான் வயிற்றெரிச்சல்.

ஜூன், ஜூலையில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் நடத்துகிற தமிழ்நாடு பிரீமியர் லீக் (டிஎன்பிஎல்) வந்தால் கடலூர் மஞ்சக்குப்பத்திலும் சரி, புதுச்சேரி உப்பளத்திலும் சரி, ஒரு பேச்சு தவறாமல் கிளம்பும்: “எல்லாம் ஸ்கிரிப்ட்டுப்பா.” இதைச் சொல்கிறவர்களில் பெரும்பாலானவர்களிடம் ஒரு ஆதாரமும் கிடையாது. கேட்ச் விட்டால் ஃபிக்ஸிங், நோபால் போட்டால் ஃபிக்ஸிங், வைடு போனால் அதுவும் ஃபிக்ஸிங். இவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. ஆனால் இந்தச் சந்தேகத்துக்குத் தீனி போடுவது யார் என்று பார்த்தால், பாதிக்கு மேல் லீக் நடத்துகிறவர்களே.

2025 ஜூன் 14, சேலம். மதுரை பேந்தர்ஸ் முதலில் ஆடி 150 ரன். திண்டுக்கல் டிராகன்ஸ் 13-வது ஓவரிலேயே அடித்து முடித்து 9 விக்கெட்டில் ஜெயித்தது. அதற்குப் பிறகு மதுரை நிர்வாகம் லீக்குக்கு ஒரு புகார் அனுப்பியது. அஸ்வின் தலைமையிலான திண்டுக்கல் அணி ரசாயனம் தடவிய துண்டால் பந்தைத் துடைத்தது, அதனால் பந்து கனமானது, பேட்டில் பட்டபோது உலோகச் சத்தம் வந்தது என்பது குற்றச்சாட்டு. லீக் ஆதாரம் கேட்டது. பிறகு புகாரைத் தள்ளுபடி செய்தது. துண்டுகள் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் இரண்டு அணிக்கும் கொடுத்தவை, பந்து முழு நேரமும் நடுவர்கள் பார்வையில் இருந்தது, மாட்ச் நடக்கும்போது யாரும் புகார் சொல்லவில்லை என்பது அவர்கள் பதில். (மதுரை அணியின் பெயருக்கு முன்னால் இருக்கிற சீகெம் என்கிற கம்பெனிப் பெயர்தான் புதுச்சேரி துத்திப்பட்டு கிரிக்கெட் மைதானத்தின் பெயரிலும் இருக்கிறது. அதனால்தான் பாண்டிச்சேரி வாட்ஸ்அப் குரூப்களில் இந்தச் சண்டை மற்ற ஊரை விடக் கொஞ்சம் கூடுதல் சூடாக ஓடியது.)

முடிவு சரி என்றுதான் நினைக்கிறேன். ஆதாரம் இல்லாமல் ஒரு வீரர் மீது இப்படிப் பழி போடக்கூடாது. உலோகச் சத்தம் என்பதே ஒட்டவில்லை. நனைந்த தோல் பந்து பேட்டில் பட்டால் சத்தம் மந்தமாகும், ‘தொப்’பென்றுதான் கேட்கும். பந்தில் ஏதோ சரியில்லை என்று பட்டால் பேட்ஸ்மேன் நடுவரிடம் அங்கேயே சொல்லியிருக்கலாம்.

முடிவுக்கு வந்த பாதைதான் கோணல். துண்டு கொடுத்தது சங்கம். நடுவரை அனுப்பியது சங்கம். புகாரை வாங்கியது சங்கத்தின் லீக். விசாரித்ததும் தள்ளுபடி செய்ததும் அதே லீக். கடைசி வரைக்கும் அந்தப் பந்தின் எடை எவ்வளவு என்று ஒரு எண் வெளியே வரவில்லை. “கனமாக இருந்தது” என்று ஒரு பக்கம், “இல்லை” என்று மறுபக்கம். கனம் என்பது தராசில் வைத்தால் தெரிந்துவிடுகிற சமாச்சாரம் இல்லையா?

விதிப்படி புதுப் பந்தின் எடை 155.9 கிராமிலிருந்து 163 கிராமுக்குள் இருக்க வேண்டும். கிட்டத்தட்ட 7 கிராம் இடைவெளி. அதுவும் புதுப் பந்துக்கு மட்டும்தான். இருபது ஓவர் ஆடிய பந்து இவ்வளவுதான் இருக்க வேண்டும் என்று விதியில் எங்கும் கிடையாது. ஆக, மாட்ச் முடிந்து எடை போட்டு 165 கிராம் வந்தால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அந்தப் பந்து மாட்சுக்கு முன் 156 இருந்ததா, 162 இருந்ததா? டாஸுக்கு முன்னாலேயே எடை போட்டு எழுதி வைத்திருந்தால்தான் பின்னால் போடுகிற எடைக்கு மதிப்பு.

செய்முறை ஒன்றும் ராக்கெட் இல்லை. 0.1 கிராம் காட்டுகிற எலக்ட்ரானிக் தராசு ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது. கூடவே ஒரு 100 கிராம் எடைக்கல். முதலில் எடைக்கல்லை வைத்துத் தராசு சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். சமமான மேஜை, மூடிய அறை, ஃபேன் நிறுத்தியிருக்க வேண்டும். ஃபேன் ஓடினால் கடைசி இலக்கம் ஆடிக்கொண்டே இருக்கும், அதை வைத்தே ஒரு சண்டை வரும். பந்தை மூன்று முறை வைத்து மூன்று எண்ணையும் எழுத வேண்டும், சராசரியை மட்டும் எழுதக்கூடாது. நேரம், பந்து எத்தனை ஓவர் ஆடியது, ஒட்டியிருக்கிற மண், புல் எல்லாவற்றுக்கும் நாலு பக்கமும் போட்டோ. மண்ணைத் துடைத்துவிட்டு எடை போட்டால் அதோடு சேர்ந்து சாட்சியும் போய்விடும். மாட்ச் ரெஃப்ரி, இரண்டு அணி மேனேஜர் கையெழுத்து. பிறகு உறையில் போட்டு சீல்.

இதில் எல்லோரும் கோட்டை விடுகிற இடம் நேரம். டிஎன்பிஎல்லில் புகார் கொடுக்க மாட்ச் முடிந்து 24 மணி நேரம் அவகாசம். ஆனால் பந்தில் ஏறிய ஈரம் 24 மணி நேரம் காத்திருக்காது. ஏசி அறையில் ஒரு ராத்திரி இருந்தாலே காய ஆரம்பித்துவிடும். எடை போடுவதென்றால் இன்னிங்ஸ் முடிந்த கால் மணி நேரத்துக்குள் போட வேண்டும். துண்டு வேறு கதை. ஈரத் துண்டை பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டினால் இரண்டு நாளில் பூஞ்சை பிடித்து லேப்பில் ஒன்றும் பார்க்க முடியாமல் போகும். நிழலில் உலர்த்தி, காகித உறையில் வைத்து, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று ஒரு சீட்டு.

சேலம் மாட்சில் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பந்து தானாகவே கையில் இருந்தது. மதுரை பந்து வீசிய இரண்டாவது இன்னிங்ஸ் பந்தைச் சொல்கிறேன். அதே ராத்திரி, அதே மைதானம், அதே சங்கத் துண்டு. அது 13 ஓவருக்குள் நின்றுவிட்டது, முதல் இன்னிங்ஸ் பந்து 20 ஓவர் ஆடியது என்பதால் நேராக ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் இரண்டின் எடையும் எழுதியிருந்தால் பேச ஒரு அடித்தளமாவது இருந்திருக்கும். சத்தத்துக்கும் அப்படியே. ஸ்டம்ப் மைக் ஒலிப்பதிவு ஒளிபரப்பாளரிடம் இருக்கும். இரண்டு இன்னிங்ஸிலும் நடு பேட்டில் பட்ட பத்துப் பத்து ஷாட்டை எடுத்து வரிசையாகக் கேட்டாலே உலோகச் சத்தக் கதை நிற்குமா நிற்காதா என்று தெரிந்திருக்கும்.

அமெரிக்காக்காரன் மட்டும் ஒழுங்கா என்றால் அதுவும் இல்லை. 2015 ஜனவரியில் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணி பந்தில் காற்றைக் குறைத்தது என்று அந்த ஊர் ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல் பெரிய விசாரணை நடத்தியது. அங்கே பந்தின் அழுத்தம் 12.5-லிருந்து 13.5 பிஎஸ்ஐ இருக்க வேண்டும். மாட்சுக்கு முன்னால் நடுவர் அளந்தார், ஆனால் எழுதி வைக்கவில்லை. இடைவேளையில் இரண்டு அழுத்தமானியால் அளந்தார்கள், இரண்டும் ஒன்றுக்கொன்று 0.3-க்கும் மேல் வித்தியாசம் காட்டின. முதலில் எந்த மானியால் அளந்தார் என்பதே தகராறாகிவிட்டது. பேட்ரியாட்ஸ் பந்து 11 அளந்தார்கள், எதிரணி பந்து 4 அளப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. குளிரில் பந்தின் அழுத்தம் தானாகவே இறங்கும் என்பது பிளஸ் டூ இயற்பியல். இத்தனைக்குப் பிறகும் “நடந்திருக்க வாய்ப்பே அதிகம்” என்கிற ரீதியில் ஒரு அறிக்கை, அணியின் நட்சத்திர ஆட்டக்காரர் டாம் பிரேடிக்கு நாலு மாட்ச் தடை, அணிக்கு 10 லட்சம் டாலர் அபராதம். அடுத்த சீசனில் பந்துகளைத் திடீர் சோதனை செய்தார்கள். அந்த எண்களை லீக் வெளியிடவே இல்லை. பேட்ரியாட்ஸ் ரசிகனும் நம்பவில்லை, எதிரணி ரசிகனும் நம்பவில்லை. இதைத்தான் உருப்படாத விசாரணை என்பேன்.

யார் விசாரிப்பது என்பதில் நமக்கே நல்ல அனுபவம் இருக்கிறது, அதை மறந்துவிட்டோம். 2013 மே 16-ல் ஐபிஎல்லின் ராஜஸ்தான் ராயல்ஸ் வீரர்கள் மூவரை டெல்லி போலீஸ் கைது செய்தது. ஸ்ரீசாந்த் இடுப்பில் துண்டு சொருகியதுதான் புக்கிகளுக்கு (பந்தயம் நடத்துகிறவர்களுக்கு) சிக்னல் என்று போலீஸ் சொன்னது. (அப்போதும் துண்டுதான்.) அந்த வழக்கில் 2015-ல் விசாரணை நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. நம் நாட்டில் மாட்ச் ஃபிக்ஸிங்குக்கென்று தனிச் சட்டம் இன்றைக்கும் இல்லை. ஆகவே போலீஸ் எவ்வளவு பிடித்தாலும் கடைசியில் பந்து கிரிக்கெட் போர்டின் (பிசிசிஐ) கையில்தான் வந்து நிற்கும்.

அந்தப் போர்டு என்ன செய்தது? மே 24-ல் பந்தயப் புகாரில் குருநாத் மெய்யப்பன் கைது. மாமனார் சீனிவாசன் போர்டின் தலைவர், அவருடைய கம்பெனிதான் சென்னை சூப்பர் கிங்ஸ் உரிமையாளர். போர்டே இரண்டு ஓய்வுபெற்ற நீதிபதிகளைப் போட்டது. ஜூலை கடைசியில் ‘ஒன்றுமில்லை’ என்று அறிக்கை வந்தது. இரண்டே நாளில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்தக் குழுவே சட்டவிரோதம் என்றது. பிறகு உச்ச நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி முத்கல் தலைமையில் ஒரு குழுவை நியமித்தது. குருநாத் அணியின் நிர்வாகிதான், பந்தயம் கட்டினார் என்று அந்தக் குழு சொன்னது. கடைசியில் 2015 ஜூலை 14-ல் உச்ச நீதிமன்றம் நியமித்த லோதா குழு சென்னைக்கும் ராஜஸ்தானுக்கும் இரண்டு வருடத் தடை கொடுத்தது. ஒரே விஷயம், ஒரே சம்பவம். போர்டு போட்ட குழு பார்த்தால் ஒன்றுமில்லை, வெளியாள் பார்த்தால் இரண்டு வருடம். அதற்கும் மேல், போர்டு நிர்வாகிகள் ஐபிஎல் அணி வைத்துக்கொள்ள வழிவிட்ட 6.2.4 விதித் திருத்தத்தை உச்ச நீதிமன்றம் 2015 ஜனவரியில் ரத்து செய்தது. அந்த ஓட்டையை 2008-லேயே போட்டு வைத்திருந்தார்கள்.

இந்தத் தடைக்கு மஞ்சள் சட்டைக்காரர்கள் இன்னும் “எங்க டீமைப் பழிவாங்கிட்டாங்க” என்கிறார்கள். மற்றவர்கள் ஏழு வருடத்துக்கு முன் போட்ட மீமையே திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். இரண்டு தரப்பும் ஒருமுறை கேட்க வேண்டிய கேள்வி வேறு. முத்கல் குழு மூடிய உறையில் கொடுத்த பெயர்களில் சில மட்டும்தானே வெளியே வந்தன? உறைக்குள் இருப்பது சுத்தமான பெயரா, அழுக்குப் பெயரா என்று தெரியாதவரை வெளியே இருக்கிற ஒவ்வொரு வீரர் மேலும் அந்த நிழல் விழும். மூடி வைப்பது யாரையும் காப்பாற்றுவதில்லை, யோக்கியமானவர்களைத்தான் மாட்டிவிடுகிறது.

ரசிகன் வெறும் வாய்ச்சவடால் விடாமல் உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா என்றால், முடியும். 2017-ல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் பேஸ்பால் அணி அடுத்து என்ன பந்து வரும் என்று எதிரணி காட்டும் சைகையை கேமரா வைத்துப் பார்த்து, குப்பைத் தொட்டியைத் தட்டி பேட்ஸ்மேனுக்குத் தகவல் சொன்னது. விஷயம் வெளியே வந்த பிறகு, அதே ஹூஸ்டன் அணியின் ரசிகர் ஒருவர் அந்த வருட உள்ளூர் மாட்ச் வீடியோக்களை உட்கார்ந்து கேட்டார். 8,200-க்கும் மேற்பட்ட பந்துகள். 1,100-க்கும் மேற்பட்ட தட்டல்கள். எந்த மாட்ச், எந்த பேட்ஸ்மேன், எந்தப் பந்து என்று பட்டியல் போட்டுப் பொதுவில் வைத்தார். தன் அணிக்கே எதிராக! யாரும் மறுக்க முடியாத எண். நம் ஆட்கள் ஒரு நோபாலின் எட்டு நொடி கிளிப்பை வெட்டி, சோகப் பாட்டு போட்டு, சிவப்பு வட்டம் போடுகிறார்கள். அதே பவுலர் அந்த சீசனில் மொத்தம் எத்தனை நோபால், எத்தனை செ.மீ. தாண்டிப் போட்டிருக்கிறார் என்று ஒருத்தரும் எண்ணுவதில்லை. எண்ணினால் பாதி ‘ஃபிக்ஸிங்’ அங்கேயே செத்துவிடும். மீதியில் ஏதாவது நின்றால் அதை லீக் தட்டிக்கழிக்க முடியாது.

இதெல்லாம் பெரிய லீக்குக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2019 செப்டம்பரில் டிஎன்பிஎல் வீரர்கள் சிலருக்கு முகம் தெரியாதவர்களிடமிருந்து வாட்ஸ்அப் செய்தி வந்ததாக பிசிசிஐயின் ஊழல் தடுப்புப் பிரிவுத் தலைவரே சொன்னார். அப்படித் தூண்டில் போடுகிறவர்கள் சம்பளம் குறைந்த, கேமரா குறைந்த மாட்சைத்தான் முதலில் தேடுவார்கள். அந்த வகையில் துத்திப்பட்டிலும் கடலூர் அண்ணா விளையாட்டரங்கிலும் நடக்கிற லெதர் பால் மாட்சுகளுக்கும் கவலைப்பட வேண்டிய காரணம் இருக்கிறது. கடற்கரை ஊர் வேறு. தை, மாசியில் ஏழு மணிக்கு மேல் பனி இறங்கினால் பந்து சோப்பு மாதிரி வழுக்கும், துண்டு வெளியே வந்தே தீரும். ஈரப் பந்தை நடுவர் ஒப்புக்கொண்ட துணியால் துடைக்கலாம் என்று விதியே சொல்கிறது. அந்தத் துணி நடுவர் கையில் இருக்கட்டும், ஃபீல்டர் இடுப்பில் வேண்டாம். துடைத்ததும் திரும்ப நடுவரிடம். இதற்குக் காசே செலவில்லை.

நம் ஊர் லீக் நடத்துகிறவர்களிடம் கேட்பது இவ்வளவுதான். புகார் கொடுக்கும் கெடுவை ‘பந்து உறைக்குள் போகும் முன்’ என்று மாற்றுங்கள். விசாரிக்க, லீக்கிலும் எந்த அணியிலும் பைசா சம்பந்தம் இல்லாத ஒருவரை சீசன் தொடங்கும் முன்பே அறிவித்துவிடுங்கள், பிரச்சினை வந்த பிறகு தேடாதீர்கள். அறிக்கையை எடை, நேரம், போட்டோவோடு முழுதாக வெளியிடுங்கள். வீண் புகார் குவியும் என்று பயமாக இருந்தால் ஒரு டெபாசிட் வையுங்கள். புகார் நின்றால் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், நிற்காவிட்டால் அது ஸ்கோரருக்கும் கிரவுண்ட்ஸ்மேனுக்கும் போகட்டும். அவர்களுக்குத்தான் யாரும் ஒழுங்காகக் கொடுப்பதில்லை.